கார்த்திகை போச்சு, குளம் நிறையவில்லை

கார்த்திகை முடிந்துவிட்டது. திருநெல்வேலி மானூர் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் பாதியைக்கூடத் தொடவில்லை. டவுனுக்குப் போனால் "கிளைமேட் சூப்பரா இருக்குல்லா" என்கிறார்கள். இருக்கத்தான் செய்கிறது. பகலில் வெயில் உறைக்கவில்லை, ராத்திரி ஃபேன் தேவைப்படவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தவர்களுக்கு இது நல்ல மாதமில்லை.

மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்குப் பார்ப்பது வழக்கம். 2.5 மி.மீ. பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கும். அந்த அளவுக்குப் பெய்தது மாத ஆரம்பத்தோடு சரி. அப்புறமெல்லாம் பனிதான். புனலின் உள்பக்கம் பொடிப்பொடியாகக் கோத்து நிற்கும். வழிந்து இறங்கினாலும் குப்பியின் அடியை நனைக்கக் காணாது.

எல்லாம் காற்று செய்கிற வேலை. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு ஆந்திரா பக்கம் ஏறிப்போனால் ஈரத்தையெல்லாம் அங்கே இழுத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது நிலத்தின் மேல் வரும் வறண்ட வாடை. மேகமில்லாத ராத்திரியில் தரைச் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். விடியக்காலைக் குளிரும் பனியும் அதனால்தான். நெல்லைச் சீமை நனைய வேண்டுமென்றால் சுழற்சி இலங்கை, குமரிக்கடல் பக்கம் வர வேண்டும். பக்கத்து வயல் தாத்தா இதையே சுருக்கமாகச் சொன்னார்: "கொண்டல் திரும்பலியே தம்பி, மழ எங்கிட்டு வரும்?" கொண்டல் என்றால் கீழ்க்காற்று.

ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு இவ்வளவு கவலையில்லை. பாபநாசம் அணைக்குத் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரும் உண்டு. இங்கே தூறல்கூட இல்லாத நாளிலும் நாலுமுக்கு, ஊத்து மலைகளில் பெய்யும். பிசானப் பருவ நெல் கால்வாய்த் தண்ணீரில் தேறிவிடும். மானாவாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் உளுந்து இப்போதுதான் பூவெடுக்கிறது. விடியும்போது இலையெல்லாம் ஈரமாக, பார்க்கத் தெளிவாக இருக்கும். உச்சிவேளைக்குள் துவண்டுவிடுகிறது. தூரில் மண்ணைக் கிளறினால் இரண்டு விரல் ஆழத்துக்குப் பொடிதான். பூ உதிர்ந்தால் அப்புறம் மழை வந்தும் பிரயோஜனமில்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

திருக்கார்த்திகை அன்று மட்டும் எல்லாருக்கும் சந்தோஷம். ஓலை நன்றாகக் காய்ந்திருந்ததால் சூடம் காட்டியதும் சொக்கப்பனை பிடித்துக்கொண்டது. மழை வருஷங்களில் புகைந்துகொண்டே நிற்கும்.

கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 2023-இல் அந்தப் பெருமழை கொட்டியது டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணிக் கரை ஊர்கள் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படி ஒரு மழை இனி யாருக்கும் வேண்டாம். ஆனால் பருவமழைக் காலம் டிசம்பர் 31 வரை இருக்கிறது. நிதானமாக ரெண்டு மழை பெய்தால் உளுந்து தப்பிக்கும்.

பெய்கிற தண்ணீர் குளத்துக்கு வந்து சேர வேண்டுமே, அதுதான் பெரிய கவலை. வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும் இப்போதே வெட்டினால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பயல்களோடு இறங்குகிறோம். ஊரில் இருப்பவர்கள் அரிவாளோடு வந்துவிடுங்கள்; வெளியூரில் இருப்பவர்கள் ஜேசிபி வாடகைக்கு முடிந்ததைக் கொடுங்கள்.