மத்ரித்தில் செத்தவன்

பெப்ரவரி 17

மகனோடு இருந்து திரும்பவும் இயக்குநர் த்ருபோவின் ‘கடைசி மெட்ரோ’ படம் பார்த்தேன். தாக்ஸியா என்ற விமர்சகனை நடிகர் தெபார்தியே அடிக்கும் இடத்தில் பொடியன் கை தட்டினான். “இப்பிடி ஒருத்தன் உண்மையா இருந்தவனோ அப்பா?”

இருந்தவன். அலென் லோப்ரோ. தாக்ஸியா என்பதே அவனுடைய புனைபெயர்தான்.

பெப்ரவரி 18

பிறந்தது 1899, நியூ கலிடோனியாவில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் ‘ழ சூயி பர்த்தூ’ என்ற வாரப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதினான். ‘நான் எங்கும் இருக்கிறேன்’ என்று பொருள். யூதர்களுக்கு எதிராக வாராவாரம் நஞ்சு கக்கிய தாள் அது. பெயரைக் கேட்டாலே முதுகு கூசும். 1941இல் எழுத்தாளர் கொக்தோவின் நாடகத்தைத் தாறுமாறாகக் கிழித்து எழுதினான். அதில் நடித்த ழான் மாரே உணவகத்தில் ஆளைப் பிடித்து வெளுத்துவிட்டார்.

நாடகம் நடந்த எபெர்த்தோ தியேட்டர் இப்போதும் பத்தினோல் சாலையில்தான் இருக்கிறது. எத்தனை தரம் அதைக் கடந்து வேலைக்குப் போயிருப்பேன்!

பெப்ரவரி 22

இன்று லீவு. மசாரின் வீதி 19ஆம் இலக்கத்துக்குப் போனேன். கவிஞர் ரொபேர் தெஸ்னோஸை ஹிட்லரின் ரகசியப் பொலிஸான கெஸ்டபோ பிடித்துப்போனது இந்த வீட்டில்தான், 1944இல், இதே திகதியில். சுவரில் ஒரு கல். அதன் அடியில் யாரோ சைக்கிளைச் சாத்திவைத்திருந்தார்கள்.

தெஸ்னோஸும் லோப்ரோவை ஒரு பாரில் அறைந்தவர். மாரே தப்பினார், இவர் தப்பவில்லை. பிரான்ஸின் கொம்பியேன் முகாமிலிருந்து இவரை ஜெர்மன்காரரின் வதைமுகாம்களுக்கு அனுப்பாமல் வைத்திருக்க துணைவி யூக்கி ஓடித்திரிந்தபோது, லோப்ரோ குறுக்கே நின்று கெடுத்தான் என்றே பரவலாகச் சொல்கிறார்கள். அவுஷ்விட்ஸ், புக்கன்வால்ட், ஃப்ளோஸன்பூர்க். கடைசியில் தெரெஸீனில் டைஃபஸ் காய்ச்சல். 1945 ஜூன் 8. போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஒருவனை அறைந்ததற்கு இவ்வளவு விலை.

பெப்ரவரி 23

கிச்சினில் ஆள் இல்லை. கை முழுக்க வெங்காய மணம். எழுதவில்லை.

பெப்ரவரி 26

அதே பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பிரசியாக்கை ஜெர்மன்காரருக்குத் துணைபோன குற்றத்துக்காக 1945 பெப்ரவரி 6 அன்று சுட்டுக்கொன்றார்கள். வயது 35. அவருக்கு உயிர்ப்பிச்சை கேட்ட மனுவில் கொக்தோவும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் திட்டு வாங்கிய அதே கொக்தோ! எனக்கென்றால் கை வந்திருக்காது.

லோப்ரோ அகப்படவில்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினுக்குப் பாய்ந்துவிட்டான். 1947 மே மாதம், ஆள் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள். அதற்குப் பிறகும் 21 வருடம் உயிரோடிருந்து, 1968இல் மத்ரித்தில் செத்தான்.

பொடியன் பள்ளிக்கூடக் கட்டுரைக்கு இதைத்தான் எடுத்திருக்கிறான். “‘எக்ஸில்’, நாட்டை விட்டுப் போய் இருந்தவன் எண்டு போட்டிருக்கினம். அப்ப அவனும் உங்களை மாதிரி அகதியோ?”

அகதிகளுக்கான பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ராவில் மூன்று மணித்தியாலம் இருந்து என் கதையைச் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. மொழிபெயர்ப்பாளர் இருமிக்கொண்டே இருந்தார்.

“அகதி இல்லையடா. ஓடி ஒளிச்சவன்.”

“நீங்களும் ஓடித்தானே வந்தனீங்கள்?”

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. எழும்பிப் போனேன்.