தட்டம்மையில் நாள் கணக்கு

காய்ச்சல் எப்போது தொடங்கியது, தடிப்பு என்றைக்கு வந்தது, தடுப்பூசி எப்போது போட்டது. இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். தட்டம்மையில் எல்லாமே நாள் கணக்குத்தான்.

கிருமி உள்ளே போய்ச் சுமார் பத்து நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண். எல்லோரும் சளிக்காய்ச்சல் என்றே நினைப்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். குழந்தை வெளிச்சத்துக்குக் கண் கூசினால் ஒரு டார்ச்சை எடுத்து வாய்க்குள் பாருங்கள். கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த உள்கன்னத்தில் உப்புத்தூள் தூவினாற்போல் வெண்புள்ளிகள் இருந்தால் தட்டம்மை என்று கிட்டத்தட்ட உறுதி. தடிப்புக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வரும், தடிப்பு கிளம்பியதும் மறைந்துவிடும். நாக்கில் படியும் பால் ஆடை வேறு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தடிப்பு காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் ஆரம்பித்து முகம், மார்பு, கை என்று இறங்கி மூன்று நாளில் பாதத்தைத் தொடும். நீர் கோத்த கொப்புளமானால் அது சின்னம்மை, வேறு கிருமி. கறுத்த மேனிக் குழந்தைகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் காதோரம் பார்த்து, கையாலும் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டுப்படும்.

தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை நோய் தொற்றும். இருமிய குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்புசக்தி இல்லாதவர்கள் பத்துப் பேர் உடன் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். வாசலில் வேப்பிலை செருகுவதில் தவறொன்றும் இல்லை, விருந்தாளிகள் வராமல் இருப்பார்கள். ஆனால் வேப்பிலை ஏறும் நேரத்துக்குள் பக்கத்து வீட்டுக்கு நோய் போய்ச் சேர்ந்திருக்கும். 'அம்மை போட்டிருக்கு, மருந்து கொடுக்கக் கூடாது' என்பதுதான் உண்மையில் ஆபத்து. தட்டம்மையில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் தடிப்பு அல்ல, பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மூளைக்காய்ச்சலும்.

தடிப்பு வந்து நான்காம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ காத்திருக்கக் கூடாது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் 50-ஐயும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ஐயும் தொட்டால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அன்றே மருத்துவமனை. வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், பால் குடிக்க முடியாமை, கருவிழியில் வெண்மை இவற்றுக்கும் அதேதான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். இங்கேதான் கை தவறும். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும்: 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பானால் 3 மில்லி, 120 அல்லது 125 மி.கி. உள்ளதானால் சுமார் 6 மில்லி. புட்டியின் லேபிளைப் படிக்காமல் 'போன தடவை கொடுத்த அளவு' என்று ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் கூடாது. தாய்ப்பால், கஞ்சி, இளநீர் எதையும் நிறுத்த வேண்டாம்.

வைட்டமின் ஏ மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் 50,000, பதினோரு மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட். அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு ஒரு தடவை. கண்ணைக் காப்பாற்றுவது இதுதான். நல்லதுதானே என்று வீட்டில் மேலும் மேலும் கொடுத்தால் நஞ்சாகும்.

இனி ஊசி. அரசுத் திட்டத்தில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான) ஊசி 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று; வலது மேல்கையில், தோலுக்கடியில், அரை மில்லி. பிறந்ததும் ஏன் போடுவதில்லை என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. 9 மாதத்திலும் 100 குழந்தைகளில் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பேருக்காகத்தான் இரண்டாவது ஊசி. இரண்டும் போட்டால் 97 பேர் வரை பாதுகாப்பு. 'ஒன்று போட்டாச்சு, போதும்' என்று விடும் வீடுகள்தான் அதிகம், பிடிக்காத அந்த 15 பேரில் நம் குழந்தையும் உண்டா என்று ஊசி போட்ட அன்று யாருக்கும் தெரியாது.

மருந்து தூளாக வரும், கரைத்தபின் நான்கு மணி நேரம்தான் ஆயுள். வெயிலும் சூடும் பட்டால் வீண். குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால் 'அடுத்த புதன்கிழமை வாங்க' என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தயங்காமல் கேளுங்கள்.

ஒன்றரை வயதில் டி.பி.டி.யும் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான ஊசி) கூடவே போடுவார்கள். அன்றிரவே காய்ச்சல் வந்தால் அது டி.பி.டி.யால். ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும் காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் எம்.ஆரால் வருபவை, ஓரிரு நாளில் போய்விடும். லேசான சளியோ முட்டை ஒவ்வாமையோ இருந்தாலும் போடலாம். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புசக்தி மிகவும் குன்றியவர்களுக்கும் கூடாது. தட்டம்மை அடங்கிய தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி எம்.ஆர். ஊசி முகாமின்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளுக்கு அந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது.

வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால், ஊசி போடாத மற்ற குழந்தைகளுக்கு நோயாளியுடன் பழகிய 72 மணி நேரத்துக்குள் போட்டால் தடுக்க வாய்ப்புண்டு. நோய் பரவும் பகுதியில் ஆறு மாதக் குழந்தைக்கும் போடுவார்கள், ஆனால் அது கணக்கில் சேராது. வழக்கமான இரண்டையும் பிறகு போட்டே ஆக வேண்டும். தடுப்பூசி அட்டை தொலைந்து போய் நினைவும் இல்லையென்றால் போடாததாகவே வைத்து நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம், ஏற்கெனவே போட்டிருந்தாலும் கூடுதல் ஊசியால் கெடுதல் இல்லை.