பன்னிரண்டு அடித் தடமும் அம்மா சொன்ன ஒரு வார்த்தையும்

எங்கள் வீடு ரோட்டை ஒட்டி இல்லை. பஞ்சாயத்து ரோட்டிலிருந்து 12 அடி அகலத்தில் ஒரு தடம் 90 அடி உள்ளே வரும். அது முடிகிற இடத்தில் வீடு. பெருந்துறைப் பக்கம் இந்த மாதிரி மனைகள் உண்டு. பார்க்கிறவர்களுக்குப் பொதுப்பாதை போலத்தான் தெரியும். ஆனால் அந்த 1,080 சதுர அடியும் மனையோடு சேர்த்து அப்பா காசு கொடுத்துக் கிரயம் வாங்கியது.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாசல் வடக்குத் தெருவில். ஆறு வருடத்துக்கு முன் அங்கே குழாய் பதிக்கத் தோண்டியபோது, "ரெண்டு மாசத்துக்கு உங்க தடத்துல காரை விட்டுக்கறனுங்கம்மா" என்று வந்து கேட்டார். "அதுக்கென்ன கண்ணு, போய்ட்டு வா" என்றார் அம்மா. குழியை எப்போதோ மூடிவிட்டார்கள். இவரோ பின்பக்கச் சுவரை இடித்து எங்கள் தடத்தைப் பார்த்து ஒரு இரும்புக் கேட்டே போட்டுவிட்டார். சுற்றிப் போனால் அரை கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். கார் போனது, மாடியில் குடியிருப்பவர்களின் பைக் போனது, நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

போன தை மாதம் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் ஒன்று உள்ளே வந்தது. நான் வேலையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பேவர் பிளாக் முப்பது நாற்பது நொறுங்கி, சக்கரம் போன இடம் இரண்டு வாய்க்காலாக இறங்கிக் கிடந்தது. அடியில் போன தண்ணீர்க் குழாயும் உடைந்து, வேப்பமரத்தடி முழுக்கச் சேறு. கேட்டதற்கு அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ஆறு வருசமா போற தடமுங்க தம்பி. எங்களுக்கும் பாத்தியம் இருக்குதுல்லங்க?"

பாத்தியம், அதாவது உரிமை. அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே குறுக்கே கல் நட்டுவிடலாம் என்று துடித்தேன். போலீஸ் ஸ்டேஷனில் 'இது சிவில் விவகாரம்' என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தெரிந்த வக்கீலம்மாவிடம் போனேன். அம்மா வாய்விட்டதால் வந்த வினை என்று புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கம்மா சொன்னதுதான் உங்களுக்கு இருக்கிற பெரிய பலம்" என்றார். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தில் பழக்கத்தால் வழிப் பாத்தியம் கேட்க 20 வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாகவே நினைத்துப் போய்வந்திருக்க வேண்டும். கேட்டு அனுமதி வாங்கிப் போனவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். வேறு வழியே இல்லாதவருக்கு அதே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. ஆனால் இவருக்குத்தான் வடக்குத் தெரு இருக்கிறதே.

பிறகு காகித வேலை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம். அவருடைய மனையின் சர்வே எண்ணைப் போட்டுப் பத்திர எண்ணை எடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டேன். அடுத்தவர் பத்திரத்தைக் கேட்டால் தருவார்களா என்று எனக்குத் தயக்கம், தருகிறார்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லையைப் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. "தெற்கு: இன்னாருக்குப் பாத்தியப்பட்ட தனி வழித்தடம்" என்று அப்பா பெயரையே போட்டு எழுதியிருந்தது. அவருக்கு வழி உரிமை இருந்தால் 'மாமூல் வண்டித்தட பாத்தியம் சகிதம்' என்று ஒரு வரி இருக்கும். தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

சர்வேக்கும் பணம் கட்டினேன். அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் அளக்க வருவார்கள் என்பதால் அண்ணனும் வந்து நின்றார். நில அளவை வரைபடமான புலப்படத்தில் எல்லாம் மீட்டர் கணக்கு, நம் 12 அடி அங்கே 3.66. எல்லைக்கல் ஒன்று அவருடைய குப்பைக்குழி ஓரத்தில் மண்ணுக்குள் இருந்து கிடைத்தது. கூடவே ரோட்டு முனையில் எங்கள் செம்பருத்திப் பாத்தி அரை அடி பஞ்சாயத்து நிலத்துக்குள் இருப்பதும் தெரிந்தது. அண்ணன் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். நான் வானத்தைப் பார்த்தேன்.

தபாலில், ஒப்புகையோடு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. இன்ஜங்ஷன், அதாவது கோர்ட் தடையாணை, கேட்டு வழக்குப் போட எல்லாம் தயாராக இருந்தது. பத்து நாள் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது வழக்கை விடப் பெரிய தண்டனை. பதினோராம் நாள் சாயங்காலம் அவரே வந்தார். "பிளாக்கெல்லாம் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுரலாமுங்க, பாதிக் காசு நான் தர்றேன்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. நல்ல வேளை, வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். "பாதிக் காசு வாங்கவே வாங்காதீங்க" என்றார். அனுமதியை நம்பிப் போகிறவர் தன் செலவில் நிரந்தரமான வேலை ஏதாவது செய்துவிட்டால், பிறகு அனுமதியை ரத்து செய்ய முடியாது என்று வாதாட அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறதாம். உடைந்த பிளாக்குக்கும் குழாய்க்கும் மட்டும் 'சேதத்துக்கு ஈடு' என்று எழுதி ரசீது கொடுத்துப் பணம் வாங்கினேன்.

ஒரு முத்திரைத்தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். கார், பைக் போகலாம். லாரி, டெம்போ கூடாது. இது எங்கள் அனுமதியால் மட்டுமே, ஒரு மாத நோட்டீஸில் ரத்து செய்யலாம். அவர் வீட்டுப் பாட்டிக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் எந்நேரமும் வரலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது அம்மா.

ரோட்டு முனையில் இப்போது ஒரு சங்கிலி தொங்குகிறது. நாங்கள் ஊரில் இல்லாத நாளில் மட்டும் பூட்டுவோம். சாவி ஒன்று என்னிடம். இன்னொன்றை எங்கே வைத்திருக்கிறாய் என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "அவங்க வீட்டுலதான் குடுத்து வெச்சிருக்கறேன்" என்றார்.