ஏசி அறையில் தேறிய கதீட்டர்

எங்கள் 5 ஃபிரெஞ்ச் (குழாயின் விட்டத்தைச் சொல்லும் அளவு) கதீட்டரின் கடைசிச் சோதனை அறிக்கை போன வாரம் கைக்கு வந்தது. பெருமூச்சு விட்டாயிற்று. தொடைத் தமனி வழியாக நுழைத்து, ஃபுளோரோஸ்கோபி என்ற நேரடி எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தபடி குடல், சிறுநீரகத் தமனிகளின் வாய்வரை கொண்டுபோகும் 100 செ.மீ. குழாய். நுனியில் கோப்ரா வளைவு. புதுமை ஒன்றும் கிடையாது. ஆனாலும் மூன்று லாட்டுகள், அதாவது மூன்று உற்பத்தித் தொகுதிகள், முழுசாகக் குப்பைக்குப் போயின. மூன்றுமே வரைபடத்தில் தப்பில்லாதவை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் வெயிலும் ஈரமும் வரைபடத்தில் இல்லை, அவ்வளவுதான். இதே வேலையில் இறங்குகிறவர்கள் அந்த மூன்று லாட்டையாவது மிச்சப்படுத்தட்டும் என்று எழுதுகிறேன்.

அளவுகளில் சண்டை அதிகம் இல்லை. வெளிவிட்டம் 1.67 மி.மீ., உள்விட்டம் 1.2 மி.மீ. உள்ளே வழிகாட்டப் போகும் 0.035 அங்குல கைடு வயர் 0.89 மி.மீ.தான், தாராளமாக ஓடும். உள்விட்டத்தை 1.1 ஆக்கியிருந்தால் சுவர் தடித்து எங்கள் பாடு சுலபமாகியிருக்கும். ஆனால் சீரான ஓட்டத்தில் திரவம் போகும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.1-க்கும் 1.2-க்கும் 40 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுகிற டாக்டர் இதை விட்டுத்தர மாட்டார். ஆகவே 0.23 மி.மீ. சுவருக்குள் மூன்று அடுக்கையும் அடக்க வேண்டும்: உள்ளே 0.025 மி.மீ. டெஃப்லான் லைனர், நடுவில் 0.025-க்கு 0.075 மி.மீ. தட்டைக் கம்பியில் எஃகுப் பின்னல், மேலே, எக்ஸ்ரேயில் தெரிய பாரியம் சல்ஃபேட் கலந்த பெபாக்ஸ் என்ற பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூஷன் பெரிதாகப் படுத்தவில்லை. பெபாக்ஸ் ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்ததே. ட்ரையரில் காய்ந்த குருணையை மூட்டையோடு திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது குழாயில் கொப்புளம் இருக்கும். மழை நாளில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நிற்கிற நேரமே அதற்குப் போதும்.

முதல் லாட் செத்தது லைனரால். டெஃப்லானில் எதுவும் ஒட்டாது என்பதால்தானே தோசைக்கல்லில் பூசுகிறார்கள். லைனரின் வெளிப்பக்கத்தைச் சோடியம் சேர்ந்த ரசாயனத்தில் எட்ச் செய்து, மேற்பரப்பில் இருக்கும் ஃபுளோரினைப் பிடுங்கிய பிறகுதான் பெபாக்ஸ் பிடிக்கும். எட்ச் ஆன லைனர் தேயிலைச் சாயம் ஏறிய மாதிரி பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு நிறம்தான் பிடிமானம். புற ஊதா ஒளி பட்டால் அது அழிந்துவிடும்.

இது எங்களுக்கும் ஏட்டளவில் தெரியும். லேமினேஷன் முடிந்த, அதாவது மூன்று அடுக்கையும் சூட்டில் ஒட்டவைத்த, குழாய்கள் கண்ணுக்கு அழகாகவே இருந்தன. இழுவைச் சோதனையிலும் தேறின. ரத்தக்குழாய் போல வளைந்த பாதை மாதிரியில் விட்டு, கைடு வயரைப் பின்னுக்கு இழுத்தபோதுதான் 30ஆவது சென்டிமீட்டரில் கெட்டியாகப் பிடித்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால், உள்ளே லைனர் சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து கிடந்தது. வெப்பமா, அழுத்தமா, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறையா என்று மூன்று நாள் வீணாகத் தேடினோம். கடைசியில் லேமினேஷன் மேசையில் வேலை பார்க்கும் தம்பிதான் கண்டுபிடித்தார். "அண்ணே, இந்த ரீலைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போய்க் கிடக்கு." ஜன்னல் பக்கம் பார்த்த பாதி பால் கலந்த டீ நிறம். சுவர்ப் பக்கம் பார்த்த பாதி வரக்காப்பி. ஒரே ரீல்!

இப்போது எங்கள் ரீல்கள் கறுப்புப் பையில், பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு ரீலிலிருந்தும் முதல் துண்டை லேமினேட் செய்து, 20 மி.மீ. வெட்டி, லைனரின் ஓரத்தை டுவீஸரால் உரித்துப் பார்க்கிறோம். லைனர் கிழிந்தால் நல்லது, உரிந்து வந்தால் ரீலைத் தொடாதீர்கள். இழுவைச் சோதனையை மட்டும் நம்பினால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. பாரத்தைத் தாங்குவது பின்னலும் பெபாக்ஸும், லைனர் இல்லை.

லேமினேஷனில் இன்னொரு பொறி உண்டு. தண்டுக்கு 72டி பெபாக்ஸ், நுனிக்கு 35டி (டி என்பது கடினத்தன்மை அளவு, எண் கூடினால் விறைப்பும் கூடும்) என்று எடுத்தால், முதலாவது 174 டிகிரியில் உருகும், இரண்டாவது 144 டிகிரியிலேயே உருகிவிடும். மேலே போடும் எஃப்.இ.பி. ஹீட் ஷ்ரிங்க் உறை சுருங்க 200 டிகிரியை ஒட்டி வேண்டும். ஒரே வேகத்தில் சூடு காற்றை நகர்த்தினால் தண்டில் பெபாக்ஸ் பின்னலுக்குள் இறங்காது, நுனியில் தண்ணீராக ஓடிச் சுவர் மெலியும். வெப்பத்தை மாற்றாதீர்கள், வேகத்தைப் பகுதிக்குப் பகுதி மாற்றுங்கள். முன்மாதிரிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு நிறம் போட்டால் இணைப்பு எங்கே நகர்ந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பின்னலை வெட்டும் இடத்தில் கம்பிகள் தலைவிரி கோலமாகப் பிரியும். வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் மெல்லிய பி.இ.டி. உறையைச் சுருக்கிவிட்டு, உறையின் மேலேயே வெட்ட வேண்டும். பிறகு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் போடும் பிளாட்டினம்-இரிடியம் வளையத்துக்குள் முனையை ஒளித்துவிடலாம். ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தாலும் அது ரத்தக்குழாய்ச் சுவரைக் கீறும் ஊசிதான்.

இரண்டாவது லாட் கவிழ்ந்தது வெதுவெதுப்பான தண்ணீரில். எங்கள் சோதனை அறை 22 டிகிரி. பின்முனையில் கையால் பிடிக்கும் ஹப்பைத் திருப்பினால் நுனியும் கூடவே திரும்பியது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆஸ்பத்திரியில் பயன்படுத்திப் பழகிய ஒருவரை வரவழைத்து, 37 டிகிரி நீர்த் தொட்டியில் இரண்டு மணி நேரம் ஊறிய குழாயைக் கையில் கொடுத்தோம். கால் சுற்றுத் திருப்பினார், நுனி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார், சாட்டை மாதிரி அடித்துத் திரும்பியது. "இதை வச்சுக்கிட்டு நான் எந்தக் குழாய் வாயைத் தேடுறது?" என்று கேட்டுவிட்டு, குழாயைத் தொட்டி விளிம்பில் தொங்கவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. 63டி தண்டு உடல் சூட்டில் அவ்வளவு இளகிப்போகிறது.

பின்னலில் அங்குலத்துக்கான பிக் (கம்பிகள் குறுக்கிடும் இடம்) எண்ணிக்கையை ஏற்றினால் தீரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏற்றினால் குழாய் மடங்காமல் நன்றாக வளையும், அது உண்மை. ஆனால் பின்னல் கம்பி அச்சுக்கு 45 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருக்கும்போதுதான் முறுக்கு முனைவரை போய்ச் சேரும். அதைத் தாண்டி நெருக்கினால் இருக்கிற முறுக்கும் குறையும். நாங்கள் பின்னலைத் தொடாமல் தண்டை 72டி-க்கு மாற்றினோம். நுனியை நோக்கி 55டி, 40டி, 35டி என்று படிப்படியாக இறக்கினோம். 72-இலிருந்து நேராக 35-க்குத் தாவினால் அந்த இணைப்பில்தான் குழாய் மடியும்.

எக்ஸ்ரேயில் தெரிகிறதா என்று பார்க்கும்போது குழாயை மேசையில் வெறுமனே வைத்துப் படமெடுக்காதீர்கள். எல்லாக் கதீட்டரும் அங்கே பளிச்சென்றுதான் தெரியும். 20 செ.மீ. அக்ரிலிக் தட்டுகளுக்கு நடுவில் வையுங்கள். தடிமன் கூடியதும் இயந்திரம் தானாகவே கிலோவோல்ட்டை ஏற்றும், ஏற்றினால் பாரியத்தின் மாறுபாடு மங்கும். எங்கள் மென்நுனி அப்படித்தான் காணாமல் போனது. பாரியத்தைக் கூட்டினால் நுனி விறைக்கும் என்பதால், நுனிக்கு மட்டும் டங்ஸ்டன் கலந்த பெபாக்ஸ் போட்டோம்.

மூன்றாவது லாட் போன விதம்தான் வயிற்றெரிச்சல். எல்லாச் சோதனையும் தேறி, கோப்ரா வளைவை மேண்ட்ரல் என்ற அச்சுக் கம்பியில் வைத்து வடிவமைத்து, வாயு புகும் டைவெக் பையில் போட்டு எத்திலீன் ஆக்சைடு வாயுக் கிருமிநீக்கத்துக்குச் செபராங் பிறைக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது கோப்ராவைக் காணோம், லேசாக வளைந்த மூங்கில் குச்சிதான் இருந்தது. நுனி நசுங்காமல் இருக்கட்டும் என்று நேரான பாதுகாப்புக் குழாய்க்குள் செருகி அனுப்பியது எங்கள் புத்திசாலித்தனம். அந்தக் கிருமிநீக்கச் சேம்பரில் 50 டிகிரியை ஒட்டிய சூடு, மேலே ஈரம், மணிக்கணக்கில். நேராகக் கட்டிவைத்த நுனி, "சரி, இதுதான் என் வடிவம்" என்று ஒத்துக்கொண்டுவிட்டது.

இப்போது தண்டு மட்டும் பேக்கிங் வளையத்துக்குள் போகும். நுனி அட்டைமேல் எதுவும் படாமல் சும்மா கிடக்கும். மேண்ட்ரலையும் தேவையான கோணத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக மாற்றினோம். கோணத்தை மூன்று முறை அளக்கிறோம்: வடிவமைத்ததும், கிருமிநீக்கத்துக்குப் பிறகும், 37 டிகிரியில் ஊறிய பிறகும். மூன்றாவது அளவுதான் வரைபடத்தில் இருக்க வேண்டிய அளவு.

கதீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 10555-1 நியமத்தின் சோதனைகள் ஒரு மூச்சில் முடிந்தன. 1.67 மி.மீ. குழாய்க்கு இழுவை 10 நியூட்டன், திரவக் கசிவு 300 கிலோபாஸ்கலில் 30 நொடி. ஹப் இணைப்பைத் தனியாக இழுத்துப் பார்க்க மறக்காதீர்கள்.

காகிதம்தான் பிறகு அலைக்கழித்தது. உயிரியல் இணக்கச் சோதனைக்கு மாதிரிகளை எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கோலாலம்பூர் பக்கம் ஒரு ஆய்வகத்துக்குப் போனால், கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். பையில் இருந்தது எங்கள் லாட் எண். கிருமிநீக்கச் சான்றிதழில் இருந்தது சேம்பரில் ஏற்றிய சுமைக்கான லோட் எண் மட்டும். இரண்டையும் இணைக்கும் தாள் இல்லை. ஃபேக்டரியிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லவா என்று கேட்டதற்கு, கையெழுத்தும் முத்திரையும் உள்ள மூலப் பிரதி வேண்டும் என்று பதில் வந்தது. மாதிரிப் பெட்டியோடு அதே நாள் மாலை ரயிலில் திரும்பினோம். நான்கு மணி நேரம் போக, நான்கு மணி நேரம் வர. கிருமிநீக்க ஆர்டர் போடும்போதே, சான்றிதழில் உங்கள் லாட் எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது ஒரு வரி வேலை.

அடுத்த முறை எங்கள் கணக்கையும் திருத்திக்கொண்டு போனோம். அந்தச் சோதனைக்காகக் கதீட்டரைத் திரவத்தில் ஊறவைத்துச் சாறு எடுக்க, மேற்பரப்பைக் கணக்கிடும்போது வெளிப்பக்கத்தை மட்டும் எடுத்து 52 சதுர செ.மீ. என்று எழுதியிருந்தோம். குழாய்க்கு உள்பக்கமும் உண்டு. அதையும் சேர்த்தால் 90. சுவர் அரை மி.மீ.-க்குள் இருப்பதால் மில்லிலிட்டருக்கு 6 சதுர செ.மீ. விகிதம், ஆக ஒரு கதீட்டருக்கு 15 மி.லி. பழைய கணக்கின்படி தேவையில்லாமல் நிறைய கதீட்டர்களை அறுத்துப் போட்டிருப்போம்.

ஹப் சப்ளையர் கொடுத்த சான்றிதழில் ஊசிக்குழலைப் பொருத்தும் லூயர் கூம்புக்கு இன்னும் ஐ.எஸ்.ஓ. 594 என்று இருந்தது. அதன் இடத்தில் 80369-7 வந்து வருடங்கள் ஆகின்றன. கோப்பைப் பரிசீலித்தவர் அந்த ஒரு வரிக்காகத் திருப்பி அனுப்பினார், சரியாகத்தான் செய்தார். சான்றிதழைக் கேட்கும்போதே எந்த நியமம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதிக் கேளுங்கள். உத்தேசப் பயன்பாட்டு வாக்கியத்தையும் ஒன்றுக்கு நான்கு முறை படியுங்கள். மலேசியாவின் மருத்துவக் கருவிகளுக்கான 737ஆம் சட்டத்தின் கீழ் எந்த ஆபத்து வகையில் விழுகிறீர்கள் என்பதை முடிவு செய்வது குழாயல்ல, அந்த வாக்கியம். போகிற போக்கில் 'இதயம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் வேலை பல மடங்காகும்.

கடைசியாக ஆயுள் சோதனை, அதாவது சூட்டில் வைத்துச் சீக்கிரம் பழசாக்கிப் பார்ப்பது. வழக்கமான கணக்கு: சேமிப்பு 25 டிகிரி, அடுப்பு 55 டிகிரி, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரட்டிப்பு, ஆக 8 மடங்கு. இரண்டு வருட ஆயுளுக்கு 91 நாள் போதும். எங்களுக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஏசி இல்லாத புக்கிட் மெர்தாஜாம் கிடங்கில் மதியம் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 25 என்று எழுதக் கை வராது. 30 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால் 5.66 மடங்குதான், 129 நாள் ஆகிறது. 38 நாள் கூடுதல் என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்பில் வைத்தோம். வெளியே எடுத்தபோது பைகளின் சீல் பிரியவில்லை, லைனர் உரியவில்லை, கோப்ரா கோப்ராவாகவே இருந்தது.