போர்மென்டெரா நாட்குறிப்பு: கடலுக்கடியில் ஒரு புல்வெளி

11 செப்டம்பர் 2023

ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளில் ஒன்றான இபிசாவில் ஏறிய படகு, அரை மணி நேரத்தில் பக்கத்துத் தீவான போர்மென்டெராவின் லா சவீனா துறைமுகத்தில் இறக்கிவிட்டது. பெட்டியை அறையில் வைத்த கையோடு வாடகை சைக்கிளில் வடமுனையின் செஸ் இயேதஸ் கடற்கரைக்குப் போனேன். சுற்றுலாப் படங்களில் பார்த்த வெண்மணலும் கண்ணாடி போன்ற நீரும் அப்படியே இருந்தன. படங்களில் இல்லாத ஒன்றும் இருந்தது. மணல் முடிந்து பாறை தொடங்கும் மூலையில், பழுப்பு நாடாக்கள் முழங்கால் உயரத்துக்கு வைக்கோற்போர் போலக் குவிந்து கிடந்தன. அவற்றுக்கிடையே தேங்காய் நாரை உருட்டி வைத்தாற்போன்ற உருண்டைகள். பக்கத்தில் நின்ற ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார். இதைப் பாசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது பொசிடோனியா என்னும் கடற்புல். வேரும் தண்டும் பூவும் காயும் உள்ள, மத்தியதரைக் கடலுக்கே உரிய தாவரம். குளிர்காலப் புயல்கள் கரை மணலை அரித்துச் செல்லாமல் தடுப்பது இந்தக் குவியல்தான். உருண்டைகள், இலையடி நார்களை அலை புரட்டிப் புரட்டி உருவாக்கியவை.

12 செப்டம்பர்

காலை எட்டு மணிக்கே நீரில் இறங்கிவிட்டேன். முகமூடியின் உட்புறத்தில் எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது என்பது பழைய வித்தை. எந்தத் தெளிப்பானும் அதற்கு ஈடாகவில்லை.

முதல் இருபது மீட்டர் வெறும் மணல். பிறகு திடீரென ஒரு விளிம்பு வந்தது, அதற்கப்பால் புல்வெளி. இலைகள் விரலகலம், என் கையை விட நீளம். மேலே கடந்து செல்லும் ஒவ்வொரு அலைக்கும் வெளி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, மறுபக்கம் சாய்வதைப் பார்க்கையில், காற்றடிக்கும் நெல்வயலுக்கு மேலே மிதப்பதாகவே தோன்றியது. கோடை முடிந்துவிட்டதால் இலை நுனிகள் முதிர்ந்து, சுண்ணாம்புப் புள்ளிகளும் நுண்ணுயிர்ப் படலமும் ஏறிச் சாம்பல் பூத்திருந்தன. சாலெமா என்னும் மீன்கள், வெள்ளி உடலில் பொன்னிறக் கோடுகளுடன், ஐம்பது அறுபதாகக் கூடி வந்து ஆட்டு மந்தையைப் போல மேய்ந்தன. ஓரிலையைப் பிடித்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் பிறை வடிவத்தில் கடித்த தடங்கள்.

இந்த நீரின் தெளிவுக்கு, ஊட்டச்சத்து குறைந்த கடல் என்பது ஒரு காரணம். மிதக்கும் துகள்களை இலைகள் தடுத்துப் படியவைப்பது இன்னொரு காரணம். இபிசாவுக்கும் போர்மென்டெராவுக்கும் இடையிலான வெளியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வரை பரவிய புல், ஒரே தாவரத்தின் நகல்கள் என்று 2006-ல் கண்டறிந்தார்கள். அதன் வயது ஒரு லட்சம் ஆண்டு வரை இருக்கலாம் என்பது கணிப்பு. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே படரும் தாவரம் அவ்வளவு தூரம் போவதற்கு அவ்வளவு காலம் தேவைதான்.

திரும்பும் வழியில் புல்லின் நடுவே உழுத சால் போன்ற ஒரு வெண்ணிறக் கீறலைக் கண்டேன். நங்கூரம் இழுத்த தடம். 1999-லேயே இந்தப் புல்வெளிகளும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன; புல்லின் மேல் நங்கூரமிடுவதைத் தடைசெய்யும் பலேயாரிக் அரசாணை 2018-ல்தான் வந்தது. பட்டியலுக்கும் தடைக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் என்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

13 செப்டம்பர்

கிழக்குக் காற்று, நீர் கலங்கிவிட்டது. மதியம் உணவில் காய்ந்த திருக்கை மீனைக் கிழித்துப் போட்ட தக்காளி சாலட். மீனை உப்பிட்டு, சவீனா என்னும் ஜூனிப்பர் மரத்தின் கிளைகளில் தொங்கவிட்டு உலர்த்துவது இத்தீவின் வழக்கம். முதல் வாயிலேயே கருவாட்டின் வாசனை வந்தது; தொட்டுக்கொள்ளச் சோறு இல்லையே என்பதுதான் குறை.

14 செப்டம்பர்

எஸ் காலோவில் மீனவர் படகுகளை இழுத்தேற்றும் மரச்சட்டங்களுக்குப் பக்கத்துப் பாறைகளில் நீந்தினேன். பாறை நிழலில் மின்னும் நீல நிறத்தில் நகக்கண் அளவு மீன்குஞ்சுகள். இவையே வளர்ந்ததும் கரும்பழுப்பாகிவிடும் என்பதை நம்பக் கடினமாயிருக்கிறது. கிளிமீன்களில் இங்கே பெண்தான் அழகி: சிவந்த உடலில் மஞ்சளும் சாம்பலும். ஆணோ வெறும் சாம்பல்.

அழகில் லயித்திருந்ததால், இளஞ்சிவப்புச் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) ஒன்று மணிக்கட்டில் உரசியதைக் கவனிக்கவில்லை. சூடு வைத்தது போன்ற எரிச்சல். நன்னீரில் கழுவினால் மீதமிருக்கும் கொட்டு செல்களும் வெடிக்கும் என்பதால் கடல்நீரையே ஊற்றிக்கொண்டேன். மாலைக்குள் சாட்டையடி போலச் சிவந்த கோடுகள் எழுந்துவிட்டன.

15 செப்டம்பர்

கடைசி நாள். மீண்டும் அதே புல்வெளி. புல்லிடையே சாய்ந்து நின்ற ஒரு பெருஞ்சிப்பியைக் கண்டேன். முழங்கை நீளம், காலி ஓடு. பின்னா நோபிலிஸ் என்னும் இந்தச் சிப்பி ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. 2016-ல் ஸ்பெயின் கடற்கரையில் தொடங்கிய ஒட்டுண்ணி நோய் இதைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது.

ஓட்டைத் தொடாமல் மூச்சடக்கி இறங்கி உள்ளே நோக்கினேன். இருட்டிலிருந்து கிடைமட்டமான ஒரு கண்மணி என்னை நோக்கியது. பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). அது அவசரப்படவில்லை, ஒரு கையை நீட்டி, வாசலில் கிடந்த கூழாங்கல்லைப் பற்றி, தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மூச்சு முட்டி நான் மேலே வந்தேன். மறுபடி இறங்கியபோது இன்னும் இரண்டு கற்கள் வாசலில் இருந்தன.