அப்பாவின் பக்கவாதமும் நான் படித்த மூளையும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் மூளையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்றான இடது நடுப் பெருமூளைத் தமனியில் அடைப்பு என்றார். வலது கைதானே விழுந்தது, இடது பக்கம் எப்படி என்று அம்மா கேட்டார். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால் உடலின் வலது பாதி இடது பெருமூளையின் பொறுப்பு.

பெருமூளையின் ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடல்கள். நெற்றிக்குப் பின்னால் இருப்பது திட்டமிடவும், உடலை அசைக்கவும், பேச்சை உருவாக்கவும். உச்சி மடல் தொடு உணர்வுக்கு, பொட்டு மடல் கேட்பதற்கும் நினைவுக்கும், பிடரி மடல் பார்வைக்கு. இது பள்ளிப் பாடம்தான். ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு: அப்பாவிடம் எது போயிற்று, எது அப்படியே இருக்கிறது?

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் அதைத்தான் சோதித்தார். "கண்ணை மூடுங்க" என்றதும் மூடினார். "பேனா எங்கே?" என்றதும் இடது கையால் காட்டினார். ஆனால் பேனா என்று சொல்ல வரவில்லை. 1861-இல் பாரிஸில் பால் பிரோக்கா என்ற மருத்துவர் இப்படி ஒருவரைப் பார்த்தார். அந்த நோயாளிக்குச் சொன்னது பெரும்பாலும் புரியும். வாயில் வருவதோ "டான்" என்ற ஒலி மட்டும். அவர் இறந்த பின் மூளையைப் பரிசோதித்தபோது இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடத்துக்குத்தான் பிரோக்கா பகுதி என்று பெயர். 1874-இல் கார்ல் வெர்னிக்கி என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்கு எதிர்மாறான நிலையை விவரித்தார்: பேச்சு சரளமாக ஓடும், ஆனால் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. அந்தச் சேதம் பொட்டு மடலின் பின்பகுதியில். பேச்சு இந்த இரண்டு இடங்களோடு முடிந்துவிடுவதில்லை, சுற்றியுள்ள பகுதிகளும் இணைப்பு இழைகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது இப்போது தெரியும்.

இதைப் புரிந்துகொண்டது வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. பார்க்க வந்தவர்கள் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் அப்பாவிடம் கத்துவார்கள். அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கிறது, புரியவும் செய்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, அதுவும் ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. டிவி அணைந்திருக்கும். பதில் வரும்வரை காத்திருப்போம், நடுவில் புகுந்து வார்த்தையை எடுத்துக்கொடுக்க மாட்டோம். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காத்திருத்தலைத்தான்.

தண்ணீர் கேட்க வார்த்தை வராத நாட்களிலேயே பழகிய பாட்டு ஒன்றின் வரியை அப்பா முழுசாகப் பாடினார். அம்மா அழுதுவிட்டார். ராகத்தில் மூளையின் வலது பாதிக்கும் பெரிய பங்கு உண்டு. மனப்பாடமான வரிகள் புதிதாக வாக்கியம் கட்டும் வழியில் வருவதும் இல்லை. பயிற்சியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். சிறு சொற்றொடர்களை இழுத்து, தாளம் தட்டிச் சொல்ல வைத்தார்.

கால்தான் முதலில் தேறியது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. உடலை அசைக்கும் மூளை மேற்பரப்பான இயக்கப் புறணியில் காலுக்கான இடம் மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே, உள்பக்கமாக இருக்கிறது. அங்கே இரத்தம் கொண்டுபோவது முன் பெருமூளைத் தமனி, அதாவது அடைப்பு இல்லாத குழாய். முகமும் கையும் வெளிப்பக்கம், அடைபட்ட தமனியின் எல்லைக்குள். அதனால் கைவிரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

நினைவாற்றல் பாதிப்பில்லாமல் தப்பித்ததும் இதுபோலத்தான். புது நினைவுகள் பதிய, பொட்டு மடலின் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். 1953-இல் வலிப்புக்கான அறுவையில் இரு பக்கமும் அதன் பெரும்பகுதியை இழந்த ஹென்றி மொலைசனால் அதன்பின் புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த முடியவில்லை. அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் பின் பெருமூளைத் தமனிதான் இரத்தம் தருகிறது. அப்பாவுக்கு யார் எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. சமநிலை காக்கும் சிறுமூளையும், மூச்சைப் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டும் தொடப்படவில்லை.

இப்போது பெயர்ச்சொற்கள் வருகின்றன. "மாத்திரை... அம்மா... மேசை" என்பார். மாத்திரையை அம்மா மேசையில் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். வினைச்சொல்லும் 'ஐ', 'இல்' போன்ற உருபுகளும் விட்டுப்போகின்றன. நெற்றி மடல் சேதத்தில் இது வழக்கம்தான் என்றார் பயிற்சியாளர். இந்த மாதம் படங்களைக் காட்டி வினைச்சொற்களைப் பழக்குகிறோம்.