ஒரு சிற்றேட்டின் மீதிப் பணத்தை வாங்கிய கதை

ஒரு நிறுவனத்துக்கு வடிவமைத்துக் கொடுத்த எட்டுப் பக்கச் சிற்றேட்டுக்கான மீதித் தொகை ஒருவழியாக என் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. பாதித் தொகை முன்பணமாகவும், மீதி இறுதிக் கோப்பை ஒப்படைத்த பிறகும் என்பதே பேச்சு. முன்பணம் வந்தது, பேசிய திருத்தச் சுற்றுகள் முடிந்தன, "இதுவே இறுதி, அச்சுக்குப் போகலாம்" என்று விளம்பரப் பிரிவு மேலாளர் மின்னஞ்சலும் அனுப்பினார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்வாய்ஸை அனுப்பியதும்தான் சோதனை தொடங்கியது. பர்ச்சேஸ் ஆர்டர் எண், அதாவது வேலையைத் தருவதற்கு நிறுவனம் போடும் கொள்முதல் ஆணையின் எண், இல்லை என்று கணக்குப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சின்ன வேலைகளுக்கெல்லாம் ஆர்டர் போடுவதில்லை என்றார் மேலாளர்; எண் இல்லாமல் கணினி ஏற்காது என்றார் எழுத்தர். முன்பணம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அது வேறு தலைப்பில் போனது என்று பதில் வந்தது. ஆர்டர் போட வேண்டுமானால் நான் முதலில் விற்பனையாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் படிவமோ நிறுவனப் பதிவு எண்ணைக் கேட்டது. தனிநபராகத் தொழில் செய்யும் எனக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது என்று எழுதியும் பயனில்லாததால் நேரில் போனேன். அன்று அந்த எழுத்தர் விடுப்பு. அவருடைய கோப்பை மற்றவர்கள் தொடமாட்டார்களாம். மறுபடி போனபோது படிவத்தை முழுதாகத் திரையில் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் தனிநபர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அவர் இத்தனை நாளும் எல்லோருக்கும் முதல் பக்கத்தை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்!

ஆகவே புதிய வாடிக்கையாளரிடம் வேலையைத் தொடங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஆர்டர் எண் யார் தருவார், பணம் தரும் கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படும்? என் விஷயத்தில் 45 நாள் கெடுவை, எண்ணுடன் கூடிய புதிய இன்வாய்ஸ் கிடைத்த தேதியிலிருந்துதான் எண்ணுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் கழிந்த காலமெல்லாம் கணக்கிலேயே சேரவில்லை.

அந்தக் கெடு முடியும் தறுவாயில் இன்னொரு தடை வந்தது. அச்சான சிற்றேடு தரமாக இல்லை, வடிவமைப்பில் கோளாறு, ஆகவே தொகையை நிறுத்தி வைக்கிறோம் என்று மேலாளர் எழுதினார். பிரதி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அட்டையின் கருநீலம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது, படங்கள் மங்கியிருந்தன, ஓரத்தில் பக்க எண்கள் பாதி வெட்டுப்பட்டிருந்தன. நான் அனுப்பிய பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் 216க்கு 303 மில்லிமீட்டர். அதாவது ஏ4 அளவைச் சுற்றி நான்கு புறமும் வெட்டுவதற்கான 3 மில்லிமீட்டர் சேர்த்த அளவு. அப்படிப்பட்ட கோப்பிலிருந்து பக்க எண் வெட்டுப்பட வழியே இல்லை என்பதால் அச்சகத்துக்கே போனேன்.

அச்சக மேற்பார்வையாளர் நல்ல மனிதர்; தமக்கு வந்த கோப்புகளை அப்படியே திறந்து காட்டினார். என் பிடிஎஃப் அங்கே இல்லவே இல்லை. மேலாளர் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில், அச்சிட உயரவாக்கில் 3508 பிக்சல் வேண்டும். அங்கே இருந்ததோ 1600. வெட்டுக்கு இடமில்லாததால் படத்தைச் சற்றே பெரிதாக்கியதில்தான் பக்க எண்கள் போயிருந்தன. அவருடைய லென்ஸை வாங்கிச் சிற்றெழுத்துகளின் மேல் வைத்துப் பார்த்தேன். என் கோப்பில் உரை முழுவதும் கறுப்பு மை ஒன்றால் மட்டுமே ஆனது. அச்சில் இருந்த எழுத்துகளிலோ நான்கு மைகளின் புள்ளிகளும் கலந்து, விளிம்பில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் உள்ள படத்தை, அச்சுக்கான நான்கு மை முறையாகிய சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்துக்கு நேரும் கதி அது. இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

லென்ஸ் வழியாக எடுத்த படம், இரு கோப்புகளின் அளவு விவரம், "இதுவே இறுதி" என்ற மேலாளரின் மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் இணைத்து, கணக்குப் பிரிவுக்கும் நகல் வைத்து அனுப்பினேன். குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட அதில் எழுதவில்லை. மேலாளரிடமிருந்து பதில் இல்லை. ஆனால் பணம் வந்துவிட்டது. வாய்மொழி ஒப்புதலை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே முடியாது. இப்போதெல்லாம் அச்சுக்குப் போகும் கோப்பை நானே நேரடியாக அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, வாடிக்கையாளருக்கு நகல் மட்டும் வைக்கிறேன்.

பணம் வந்த மறுநாளே, மறு அச்சுக்காக மூலக்கோப்புகளை (வடிவமைப்பைத் திருத்தக்கூடிய அசல் கோப்புகளை) அனுப்பி வைக்கும்படி அதே நிறுவனம் கேட்டது. முதலில் அனுப்பிய பிடிஎஃப்பே மறு அச்சுக்குப் போதும் என்றும், மூலக்கோப்புகள் ஒப்பந்தத்தில் இல்லாததால் அவற்றுக்குத் தனி விலை என்றும் எழுதியிருக்கிறேன், ஆர்டர் எண்ணுக்கு ஒரு வரியை முன்கூட்டியே ஒதுக்கி.